ஏழாம் பிரிவு

புதுக்கடையில், நீதிமன்றத்துக்கு எதிர்ச் சந்தில்
என் தட்டச்சு மேசை.
நாளொன்றுக்கு நாலைந்து வாடகை ஒப்பந்தம்.
பெயர் மாறும், தெரு மாறும், தொகை மாறும்.
ஏழாம் பிரிவு மாறாது:
"மேற்படி வீட்டையோ அதன் எப்பகுதியையுமோ
உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதமின்றி
வாடகையாளர் பிறருக்கு உபவாடகைக்கு விடலாகாது."
கண்ணை மூடிக்கொண்டும் அடிப்பேன்.
அடித்துவிட்டு, இரவில்
அந்த 'எப்பகுதி'க்குள் போய்ப் படுப்பேன்.

கொட்டாஞ்சேனையில்
மிஸிஸ் கஸ்பார் வாடகைக்கு இருக்கிற வீடு.
குசினிக்குப் பின்னால்
எட்டுக்கு ஒன்பது.
ஆறு வருஷம்.
ரசீது கிடையாது.
மாதா படம் போட்ட கலண்டரில்
முதலாம் திகதிக் கட்டத்துக்குள்
பென்சிலால் எழுதுவா: "லோ. தந்தது."
அந்த வீட்டில் என் பெயரில் இருப்பது
அந்த ஓர் எழுத்துத்தான்.

கிராம சேவகர் கொண்டுவரும் படிவத்தில் நான் இல்லை.
கடிதங்கள் தட்டச்சு மேசைக்கு வரும்.
வீட்டுக்காரர் அமரசிங்கம்
மாதத்தின் இரண்டாம் ஞாயிறு தெஹிவளையிலிருந்து வருவார்.
அன்றைக்கு
என் செருப்பு அரிசி வாளிக்குப் பின்னால்,
பல் பிரஷ் கைப்பைக்குள்,
நான் மட்டக்குளி பஸ்ஸுக்குள்.
கடைசித் தரிப்பில் இறங்கி ஒரு பிளேன்டீ குடித்து
அதே பஸ்ஸில் திரும்புவேன்.
நடத்துனருக்குப் பழகிவிட்டது. எங்கே என்று கேட்பதில்லை.

போன மாதம் கொடியில் ஒரு சட்டையை மறந்துவிட்டேன்.
மயில் நீலம்.
மிஸிஸ் கஸ்பாருக்கு எழுபத்திரண்டு வயது,
கணவர் போனதிலிருந்து வெள்ளையும் சாம்பலும்தான்.
அமரசிங்கம் ஒன்றும் கேட்கவில்லையாம்.
தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாராம்.

அந்தக் கிழமை, மழைக்கு ஒதுங்கிய சட்டத்தரணி ரங்கநாதனிடம்
யாரோ ஒருத்திக்காகக் கேட்பதுபோல் கேட்டேன்:
"சேர், சம்மதமில்லாமல் விட்ட அறை செல்லுமா?"
குடையை உதறியபடி சொன்னார்:
"குடுத்தவளுக்கும் எடுத்தவளுக்கும் நடுவில செல்லலாம்.
வீட்டுக்காரனுக்கு முன்னால செல்லாது."

இருவருக்குள் செல்லும்,
மூன்றாம் ஆள் வந்தால் செல்லாது.
காதலைப் பற்றியும் இப்படித்தான் கேள்விப்பட்டிருக்கிறேன்.
காசுக்கும் 'செல்லும்' என்கிறோம்,
காலுக்கும் 'செல்லும்' என்கிறோம்.
செல்லாத அறையிலிருந்து
ஆள்தான் செல்ல வேண்டும் போல.

நேற்று, வேறொரு லோயரின் பையன்
கைப்பிரதி ஒன்றை நீட்டினான்.
அறிவித்தல். மூன்று பிரதி. பதிவுத் தபால்.
விலாசத்தைப் பார்த்ததும் விரல் நின்றது.
"... ஏழாம் பிரிவை மீறி, பின்னறையில்
அடயாளம் தெரியாத பெண்ணொருத்தியைக்
குடியமர்த்தியுள்ளீர் என்பதால் ..."

'அடயாளம்' பிழை.
'அடையாளம்' என்று திருத்தினேன்.
அந்த இடத்தில் என் முழுப் பெயரையும்
முதலெழுத்தோடு அடித்துவிட்டால் என்ன என்று
ஒரு கணம் தோன்றியது.
பையன் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.
தெரியாத பெண்ணாகவே அடித்தேன்,
ஓரம் பிசகாமல்.

பின்னேரம் இரண்டு மாலுபணிஸ் வாங்கிக்கொண்டு போனேன்.
தபால் வர இன்னும் மூன்று நாள் ஆகும்.
கேத்தில் கொதித்து அடங்குமுன்
எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்,
முப்பது நாள் தவணை உட்பட.

மிஸிஸ் கஸ்பார் கலண்டரைப் பார்த்தா.
கட்டங்களை எண்ணினாவா,
மாதாவிடம் ஏதும் கேட்டாவா, தெரியாது.
பிறகு பணிஸைப் பிட்டுக்கொண்டு,
"டைப் அடிச்ச கூலிய வாங்கினியா?"
"வாங்கினேன்."
"எவ்வளவு?"
சொன்னேன்.

"காணாது" என்றா.
"நம்மட விஷயம். கூடக் கேட்டிருக்கணும்."