எடை

மூன்று வருடமாக விர்காவின் கைகள்
முதுகுக்குப் பின்னால்தான்.
விரல் வரைய வராததைக்
கம்பீரம் என்று சொல்லிக்கொள்வாள் போக்னா.
மேலங்கி பறந்தாலும்
ஆணியில் மாட்டிய சட்டைதான்
நோட்டுப் பக்கத்தில்.

க்தான்ஸ்க்கில் கடைசி டிராம்.
ரொட்டிக்கடை மாவு இன்னும் முழங்கையில்.
இடது கால் கடுத்து வலதில் சாய்ந்தபோது
கறுத்த ஜன்னலில் பார்த்தாள்:
வலது இடுப்பு ஏற
வலது தோள் இறங்க
நடுவே முதுகெலும்பு
வளைந்து சமாதானம் பேசியது.

ரசீதின் பின்புறம், கண்ணாடியில் அழுத்தி
ஆறே கோடு.
பிறகு கம்பியைப் பிடித்திருந்த
தன் கையைப் பார்த்தே ஒரு கை.
கட்டைவிரல் மட்டும் உருளைக்கிழங்கு.

இறங்கும் நிறுத்தம் போயே போயிற்று.

கடற்கொள்ளைக்காரி விர்கா
முதன்முறையாகத் தரையில் நிற்கிறாள்.
நின்றதுமே
அவளுக்கும் கால் வலிக்கிறது.