தாகபாக்கி

அதிகாலை மூன்று நாற்பது.
கயானி நகரசபைக் கொட்டகையில்
பனி தள்ளும் வண்டியில் ஏறி உட்கார்ந்து
இல்போ குழாயில் ஊதுகிறான்.
ஊதினால்தான் உயிர் வரும் வண்டி அது.
சிவப்பு.
கையுறையைக் கழற்றி, வாயைத் துடைத்து
இன்னொரு முறை.
சிவப்பு.

வெளியே ஒரு சாண் பனி, இன்னும் கொட்டுகிறது.
ஐந்தரைக்குள் ஆஸ்பத்திரிச் சாலை,
ஆறுக்குள் குழந்தைகள் காப்பகம்.
மார்க்கெத்தாவை எழுப்பிச் சொல்ல வேண்டும்.
எண்ணை அழுத்துவதற்கு முன்
ஒரு சொல் வேண்டும்.

அவன் ஊரில் இதற்குச் சொல்லுக்கா பஞ்சம்?
'ரெப்சஹ்தி' என்பார்கள் கொட்டகைப் பையன்கள்,
தோளிலிருந்து வார் நழுவியதைச் சொல்வதுபோல;
தூக்கி மாட்டிக்கொண்டால் போயிற்று.
வியாழக்கிழமைக் கூட்டத்தில் புழங்கும் சொல்லோ
நாற்காலியில் பொத்தென்று சரிகிற சொல்,
உச்சரிக்கும்போதே முதுகு வளைகிறது.
தேவாலயத்துக்குப் போகும் அக்கா ஹெல்வி
'விழுந்தான்' என்பாள், வேறொன்றும் சேர்க்கமாட்டாள்.
எங்கிருந்து, எவ்வளவு ஆழம் என்பதெல்லாம்
அவளுக்கும் ஆண்டவருக்கும் தெரியும்.

தமிழில் என்றால் எனக்குச் சுலபம்:
வேதாளம் மறுபடி ஏறிவிட்டது.
ஆனால் இங்கே முருங்கை ஏது?
மெலிந்த பிர்ச் மரங்கள், உறைந்த கிளைகள்.
ஏறுகிற வேதாளத்துக்கே விரல் விறைத்துப்போகும்.
பழைய குருடியைக் கூப்பிடலாம்;
கதவு பாதிவரை பனியில் புதைந்திருக்கிறது.

இன்னொன்று உண்டு அவர்களிடம்: தகபாக்கி.
பின்னடைவு என்கிறது அகராதி.
என் காதில் முதலில் விழுந்தது தாகபாக்கி என்றுதான்.
தாகத்தின் பாக்கி.
முந்நூற்றுப் பதினோரு நாளும் வட்டிக்கே போய்
அசல் அப்படியே நிற்கிற கணக்கு.

நேற்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.
யாரும் சாகவில்லை. யாரும் திட்டவில்லை.
மகள்கூட ஒரு பூனைப் படம் அனுப்பியிருந்தாள்.
ஒன்பதுக்கு மேல் விற்கமாட்டார்கள்;
பெட்ரோல் நிலையத்துக்குள் அவன் நுழைந்தபோது எட்டு ஐம்பது.
கார்க் கண்ணாடி கழுவும் திரவம் வாங்கத்தான் போனான்.
அதையும் வாங்கினான்.

வண்டி பின்னால் நகர்ந்தால் பீப் பீப் என்று கத்தும்,
நாய்கள் ஒதுங்கும், தள்ளுவண்டித் தாய்மார் நிற்பார்கள்.
மனிதன் பின்னால் போகையில்
ஒரு பொத்தான்கூடக் கத்துவதில்லை.
இதைக் கூட்டத்தில் ஒருமுறை சொல்லிவிட்டான்.
ஓய்வுபெற்ற வாத்தியார் யல்மாரி உடனே பிடித்துக்கொண்டார்:
"பின்னால் வராமல் முற்றத்தை வழிக்க முடியுமா தம்பி?"
எல்லோரும் தலையாட்டினார்கள்.
வண்டி வேறு, வயிறு வேறு என்று நினைத்தபடி
இல்போ ஆறிய காப்பியைக் குடித்தான்.

மணி போகிறது. எடுத்துவிட்டாள்.
"வண்டி" என்கிறான். கொஞ்சம் நிறுத்தி,
"வண்டி என்னை ஏற்கவில்லை."
மறுமுனையில் கட்டில் கிறீச்சிடுகிறது.
"எத்தனை நாள் ஆகியிருந்தது?"
"முந்நூற்றுப் பதினொன்று."
"ம்."
தீக்குச்சி உரசும் சத்தம்.
மார்க்கெத்தா சிகரெட்டை விட்டு மூன்று வாரம்.
இருவரும் அதைப் பேசவில்லை.
"சாவியை ஆணியில் மாட்டு. ஓஸ்மோவை அனுப்புகிறேன்."

வீட்டுக்குப் போ என்றாளா?
சொல்லியிருப்பாள். அவன் காதில் விழவில்லை.
மூலையிலிருந்த பனிவாரியைத் தூக்கிக்கொண்டு
காப்பகத்துப் படிகள்வரை நடக்கிறான்.
ஏழு படி. ஏழாவதை வழித்து முடிக்கையில்
முதல் படி மறுபடி வெளுத்திருக்கிறது.
திட்டுகிறான், யாரை என்று தெரியாமல்.
மூச்சில் நேற்றைய வாடை.

ஆஸ்பத்திரிப் பக்கம் ஓஸ்மோ வண்டியைப் பின்னால் எடுக்கிறான்.
பீப். பீப். பீப்.
இரண்டு தெரு தள்ளித்தான்.
என்றாலும் இல்போ
சுவரோரம் ஒதுங்கி நிற்கிறான்.