எரிந்தால் நலம்

வீட்டிலிருந்து இறால் பண்ணைக் கொட்டகைக்கு
எண்ணூற்று நாற்பது மீட்டர்.
வலைக் கயிற்றால் நான் அளந்தது, முடிச்சுக்கு முடிச்சு.
போன ஆவணியில் ஓர் இரவு
அந்தத் தூரத்தின் விலை நாலு லட்சம்.
கரண்டு போனது, காற்றுச் சக்கரம் நின்றது,
குட்டைத் தண்ணீரில் மூச்சு தீர்ந்தது.
கொட்டகைக் கட்டிலில் மீரான்கனி
அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.
கேட்காததை வைத்துக்கொண்டே
இரண்டு மாதம் சோறு பரிமாறினேன்.

பிறகுதான் ஒரு பல்பு வேண்டும் என்றேன்.
அங்கே கரண்டு இருக்கிறதா இல்லையா,
இங்கே தெரிய வேண்டும். அவ்வளவுதான்,
வேறு ஒரு வார்த்தையும் வேண்டாம்.

திருப்பாலைக்குடி ரேடியோக் கடை சேவுகன்
சிம் போட்ட பெட்டி ஒன்பதாயிரம் என்றான்.
அங்கே டவர் கிடைக்காது தம்பி.
அப்ப கம்பிதான் அக்கா, அதுவும் ஒத்தைக் கம்பி போதும்,
திரும்பி வர மண்ணு இருக்கே.

எங்கள் மண்ணா?
முருங்கைக் குச்சி நட்டால் கருகும் மண்,
சீதனமாகக் கொடுத்தாலும் மாப்பிள்ளை வீட்டார்
முகம் சுளிக்கும் மண்.
இரண்டு முனையிலும் இரும்புக் கம்பி இறக்கினோம்.
போட்ட விதை எதையும் திருப்பித் தராதது
போன மின்சாரத்தை
ஒரு துளி சிந்தாமல் கொண்டுவந்து சேர்த்தது.
உப்புக்கு அந்த ஒரு நேர்மை உண்டு போல.

கம்பி இழுத்தது அவர்தான்.
எதற்காக இழுக்கிறோம் என்று தெரிந்தே இழுத்தார்.
கருவேலத்துக்குக் கருவேலம் சைக்கிள் ட்யூப் சுற்றி,
முள் கிழித்த கையோடு,
தன்மேல் விழுந்த சந்தேகத்தைத் தானே
தொய்வில்லாமல் கட்டி முடித்தார்.

முதலில் வைத்த டார்ச் பல்பு
வழியிலேயே களைத்துவிட்டது, எரியவில்லை.
அப்புறம் மிளகளவு எல்இடி ஒன்று. சிவப்பு.

கரண்டு போனா எரியிற மாதிரி வச்சிரலாம் என்றான் சேவுகன்.
நான் யோசித்தேன்.
ஆடு கம்பியை அறுத்தால்? பேட்டரி செத்தால்?
எரியாத பல்பு அப்போது
நல்ல சேதியா, சேதியே இல்லையா?
மாற்றிப் போடு தம்பி.
எல்லாம் நலம் என்றால் எரியட்டும்,
கெட்டது எதுவானாலும் அணையட்டும்.

அதிலிருந்து வெளிச்சத்தில் தூங்குகிறேன்.
இமைக்கு மேல் அந்தச் சிவப்பு இருந்தால் தூக்கம்,
இருட்டுத்தான் என்னை உலுக்கி எழுப்பும்.
மூன்று முறை ஓடினேன்.
ஒரு முறை ஆடு. ஒரு முறை
மண்ணுக்குள் இருந்த கம்பி கரைந்து
சுண்டுவிரலாய் இளைத்திருந்தது.
மூன்றாம் முறை உண்மையாகவே கரண்டு போயிருந்தது.
நான் போய்ச் சேரும் முன்பே
ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது.
டீசல் கையோடு நின்றவர்
என்னைப் பார்த்தார், என் டார்ச்சைப் பார்த்தார்.
ஓடி வராதே, முள்ளு, என்றார்.

கார்த்திகை மழையில் ஒரு நடுநிசி
சிவப்பு அணைந்தது.
கால் செருப்பைத் தேடும்போதே எரிந்தது.
அணைந்தது. எரிந்தது.
மறுபடியும்.

கரண்டு இப்படிப் போகாது.
இது கை.

என் முனையில் சுவிட்ச் இல்லை;
கேட்கத்தான் கட்டினோம், பேச அல்ல.
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
பிறகு எழுந்து போய்
வாசல் விளக்கை ஒரு தடவை அணைத்துப் போட்டேன்.
அந்த மழையில் தெரிந்ததோ என்னவோ.

காலையில் கேட்டேன், ராத்திரி என்ன?
காண்டாக்ட்ல உப்பு பூத்திருந்துச்சு, துடைச்சேன்.
மூணு தடவையா?
டீயை ஊதினார், குடித்தார்,
மறுபடி ஊதினார்.

நம்ம வாசல் லைட்டையும்
ஒருநாள் பாக்கணும் என்றார்,
அதுலயும் உப்பு போல.