இரண்டாம் தவணை

கோப்பு என் மேசைக்கு வந்தபோது
நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
எழிலகத்தில் கடற்காற்றுதான்
எல்லாவற்றையும் முதலில் புரட்டிப் பார்க்கும்.
பிறகுதான் நான்.

பெரும்பாக்கம், எட்டு மாடிக் குடியிருப்பு.
கூவம் கரையிலிருந்து லாரியில் ஏற்றி
அங்கே கொண்டுபோய் இறக்கிய
பதினான்கு பெண்களின் தொழிற்கூடம்.
தலைவி: தேசம்மாள்.
அனுமதித்தது: தையல் இயந்திரம் பன்னிரண்டு.
வாங்கியது: இரண்டு.
மீதிப் பணத்தில்
ஆஸ்பத்திரிகளில் இருக்குமே, அதுபோல
பெரிய சலவை இயந்திரம் ஒன்று.

பக்கம் எழுபத்தொன்றில் தணிக்கையாளர்
சிவப்பு மையில் ஒரே சொல் எழுதியிருக்கிறார்:
விலகல்.

"சமூகத் தாக்கம், ஐந்து வரிகளுக்கு மிகாமல்"
என்ற கட்டத்தில் அவள் எழுத்து:
"மாசம் ஏழாம் தேதி சம்பளம்.
ரெண்டு மாசம் ஒன்பதாம் தேதி."
மூன்று வரி காலி.

இந்த வருடக் கணக்கில் லாபம்
இரண்டாயிரத்து முன்னூற்று நாற்பது ரூபாய்.
"லாபம் ஈட்டும் அமைப்புக்கு மானியம் ஏன்?"
என்று பக்கத்தில் ஒரு குறிப்பு.
போன வருடம் நஷ்டம்.
"நிலைக்காத தொழிலுக்கு மானியம் ஏன்?"
என்று அங்கும் ஒரு குறிப்பு.
இரண்டும் என் கையெழுத்துதான்.

ஞாயிற்றுக்கிழமை, யாரும் அனுப்பாமல்,
சேப்பாக்கத்தில் ரயிலேறி வேளச்சேரி போய்
அங்கிருந்து பஸ் பிடித்தேன்.
அரசாங்கம் என்று சொல்லவில்லை.
சட்டைப்பையில் நீலமும் சிவப்புமாக
இரண்டு பேனாவைப் பார்த்ததும்
நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"மொத மூணு மாசம் துணிப்பைதான் சார் தைச்சோம்.
எல்லாத் திட்டத்துலயும் எல்லாரும்
அதத்தான் தைக்கிறாங்க.
வாங்க ஆளு வேணுமில்ல?
இந்த ரோட்டுல டயாலிசிஸ் சென்டரு மட்டும் ஒம்போது.
தெனமும் பெட்ஷீட்டு அழுக்காவுது.
யாராச்சும் தோய்க்கணுமே."

பேங்கில் போய் நின்றிருக்கிறாள்.
டிரஸ்ட் என்றால் கடன் கிடையாதாம்.
கம்பெனி என்றால் நன்கொடை கிடையாதாம்.
"நாங்க இன்னான்னு
நீங்களே ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துருங்க சார்,
அப்படியே இருந்துடறோம்."

ஒரு விரிப்புக்குப் பதினொரு ரூபாய்.
தண்ணி லாரி வருவதுதான் ஷிப்ட் நேரம்:
இரவு ஒன்றரை.
ரமீஜாவும் குப்பம்மாவும்
குழாயைப் பிடித்தபடியே தூங்கப் பழகிவிட்டார்கள்.
மொட்டைமாடியில் நாற்பது விரிப்புகள்
காற்றில் அடித்துக்கொண்டன.
கறை போனவை ஒரு கொடியில்,
போகாதவை இன்னொன்றில்.
போகாததற்குக் காசு இல்லை.
எங்கள் விண்ணப்பத்தில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை.

அந்த இரண்டு தையல் இயந்திரங்கள்
ஓடிக்கொண்டுதான் இருந்தன,
கிழிந்த விரிப்புகளுக்கு ஓரம் அடித்தபடி.

டீ வாங்கித் தந்தார்கள்.
காசை எடுத்தேன்.
"வெச்சுக்குங்க சார்,
இத எந்தத் தலைப்புல எழுதுறதுன்னு
அப்புறம் நீங்களே கேப்பீங்க."
சிரித்தாளா என்று கவனிக்கவில்லை.

'விலகல்' என்பதை அடிக்க
எனக்கு அதிகாரம் இல்லை.
கீழே எழுதலாம். எழுதினேன்:
"தேவை கருதிய மாற்றம்.
இரண்டாம் தவணையை விடுவிப்பது குறித்துப்
பரிசீலிக்கலாம்."

பரிசீலிக்கலாம்.
இருபத்திரண்டு வருடமாக எழுதும் சொல்.
யாரையும் கடிக்காது,
யாருக்கும் சோறும் போடாது.

இன்று மார்ச் இருபத்தெட்டு.
முப்பத்தொன்று தாண்டினால்
பணம் கஜானாவுக்கே திரும்பிவிடும்.
கோப்பு காலையில் மேலே போனது,
மதியமே இறங்கிவிட்டது.
ஓரத்தில் பச்சை மை: பேசவும்.

அறைக்கு வெளியே பெஞ்சில் இருக்கிறேன்.
எங்கிருந்து ஆரம்பிப்பது?
பக்கம் எழுபத்தொன்றா,
இரவு ஒன்றரையா?

கதவு திறந்தது.
தபேதார் எட்டிப் பார்த்தார்:
"ஐயா சாப்பிடப் போறாரு.
மூணு மணிக்கு மேல வாங்க."