பதினான்காவது பத்தி

கடிதம் மின்னஞ்சலில் வரவில்லை.
கையெழுத்து வாங்கிக்கொண்டு தந்தார் தபால்காரர்.
உறையைப் பிரிக்குமுன்பே
தாளின் கனத்தில் தெரிந்துவிட்டது,
யாரோ பணம் கொடுத்து எழுதவைத்த கோபம்.

ஸெனோன். அறுபத்தாறு வயது.
ஆவ்குஸ்தூவில் முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர்.
செப்டம்பரில் ஒரு புதன்கிழமை
ஓக் மரத்தடியில்
பச்சைத் தொப்பி போட்ட காளானை
மேலிருந்து படம் பிடித்தார்.
என் செயலி ஒன்றரை நொடி யோசித்தது.
'பச்சைப் புறா. தொண்ணூற்றொரு விழுக்காடு. உண்ணலாம்.'

அது புறா இல்லை.
தண்டின் அடியில், மண்ணுக்குள்,
ஒரு கிழிந்த பை இருந்திருக்கும்.
அதைப் பார்த்தால் எங்கள் ஊர்ப் பள்ளிப்பிள்ளையும்
கூடையைக் கவிழ்த்துவிடும்.
தொப்பியை மட்டும் பார்த்து
அடி காணாமல் முடிவு சொன்னது
நான் எழுதிய நிரல்.

வெண்ணெயில் வதக்கினாராம், வெங்காயம் போட்டு.
நன்றாக இருந்ததாம்.
இந்த விஷத்தின் குணம் அப்படி.
ருசி கெடாது.
இரவு முழுக்கப் புரட்டி எடுக்கும், பிறகு விட்டுவிடும்.
எழுந்து தேநீர் குடிப்பார்கள்.
தப்பித்தோம் என்று சிரிப்பார்கள்.
அந்தச் சிரிப்புக்குள்தான்
ஈரல் கரைந்துகொண்டிருக்கும்.

இப்போது பியாவிஸ்தோக் மருத்துவமனையில்
முகம் தெரியாத ஒருவரின் ஈரலுக்காகக் காத்திருக்கிறார்.

"பதினான்காவது பத்தி இருக்கிறதே" என்றேன்
வழக்கறிஞர் யாத்விகாவிடம்.
நானே எழுதியது.
இல்லை, வேறொரு செயலியிலிருந்து எடுத்து
பெயரை மட்டும் மாற்றியது:
'இத்தகவலை நம்பி உண்பதால் விளையும்
எந்தப் பாதிப்புக்கும் நிறுவனம் பொறுப்பல்ல.'
நிறுவனம் என்றால்
சமையலறை மேசை, நான், மூடாத மடிக்கணினி ஒன்று.

பதிவுகளைத் திறந்து பார்த்தோம்.
முப்பத்தெட்டுப் பத்திகளையும் ஸெனோன் கடந்த நேரம்
இரண்டு நொடி.
கடைசியில் 'ஏற்கிறேன்'. கட்டைவிரல்.
எழுதத் தெரியாதவர்களிடம் கைநாட்டு வாங்குவார்கள்.
நான் படிக்கத் தெரிந்தவர்களிடம் வாங்கியிருக்கிறேன்,
நாற்பதாயிரம்.

யாத்விகா பேனாவை மூடினாள்.
"மன்னிப்புக் கேட்காதே. மருத்துவமனைக்குப் போகாதே.
பூ அனுப்பாதே.
நிரலில் ஒரு புள்ளியைக்கூடத் தொடாதே.
இன்று திருத்தினால்
நேற்று தவறு என்று நீயே எழுதிக்கொடுத்த மாதிரி."
"செயலியையே இறக்கிவிட்டால்?"
"அதுவும் வாக்குமூலம்தான்.
திங்கட்கிழமை மூத்தவரிடம் கேட்டுச் சொல்கிறேன்."
"அதற்குள் இன்னொருவர் சாப்பிட்டுவிட்டால்?"
ஜன்னலைப் பார்த்தாள்.
"அது வேறு வழக்கு."

வெள்ளி இரவு மழை.
இங்கே செப்டம்பர் மழை என்றால்
விடிந்ததும் காட்டில் கூட்டம் என்று பொருள்.
பக்கத்து வீட்டில் யாரோ
கூடையைத் தட்டி எறும்பு உதிர்த்தார்கள்.
திரையில் ஓர் எண் ஏறிக்கொண்டிருந்தது.
இருநூற்றுப் பன்னிரண்டு பேர்
இந்நேரத்தில் செயலியைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.
இருநூற்று நாற்பது.
தூங்கப் போனேன். திரும்பி வந்தேன்.
முந்நூற்றாறு.

மூன்றரை மணிக்கு எழுதியது ஒரே வரி.
தண்டின் அடி படத்தில் இல்லையென்றால்
'தெரியவில்லை' என்று சொல்.

எத்தனை எளிது.
மே மாதமே எழுதியிருக்கலாம்.
மே மாதத்தில் அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை.
தெரியவில்லை என்று சொல்லும் செயலியை
யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

அனுப்பினேன்.
சர்வர் குறித்துக்கொண்டது:
சனிக்கிழமை, 03:41:07.
என்ன மாறியது. எந்த வரி.
யார் மாற்றியது என்ற கட்டத்தில்
எப்போதும் 'நிர்வாகி' என்றே போடுவேன்.
இன்று பெயர் போட்டேன், குடும்பப் பெயரோடு.
டோப்ரவா லிப்ஸ்கா.

எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது.
யாரோ ரப்பர் பூட்ஸுக்குள் காலை நுழைத்து
தரையில் இரண்டு முறை உதைக்கிறார்கள்.