வெறும் வயிற்றில்

ஏழு மணிக்குள் ஒன்பது வீடு.
சைக்கிள் கேரியரில் ஐஸ் பெட்டி,
உள்ளே, குலுங்காமல், அடுத்தவர் ரத்தம்.
முத்தியால்பேட்டை மணிக்கூண்டுப் பக்கம்
என்னைப் பார்த்து இப்போது நாய்கள் குரைப்பதில்லை.

சவரிராயன் சாருக்கு இருநூற்றுப் பதினெட்டு.
போன மாதமும் ஏறக்குறைய அதேதான்.
“டாக்டர் நடக்கச் சொன்னாரே சார்?”
“நடக்கிறேனே. தினமும் சாயங்காலம்
ஸ்கூட்டர்ல பீச்சுக்குப் போய்.”
வண்டி ஐந்து கிலோமீட்டர்,
நடை இரண்டு சுற்று,
வடை ஒன்று.

பஞ்சை அழுத்திப் பிடித்தபடி
வாசலுக்கு வந்து கையை நீட்டினார்:
நடைபாதை முழுக்க டிரான்ஸ்பார்மர்,
அதை ஒட்டி யாருடைய புல்லட்டோ,
பெயர்ந்து கிடக்கும் வாய்க்கால் மூடி.
ரெஜினா அம்மா ஐப்பசி மழையில்
கால் ஒடிந்தது அதில்தான்.
“இங்க எங்கம்மா நடக்கிறது?”

நரம்பு தேடுவது என் பிழைப்பு.
தடவினாலே தெரிந்துவிடும்
எது ஓடுகிறது, எது அடைத்திருக்கிறதென்று.
ஒன்பதரைக்கு நேரு வீதியில்
ஹாரன்களுக்கு நடுவே
ஒற்றைக் கால் ஊன்றி நிற்கையில்
ஹேண்டில்பாரில் அந்த விரல் துடிக்கும்.

என் சர்க்கரையை நான் பார்த்ததில்லை.
பயம்தான்.
ஆனால் மேம்பாலம் ஏறினால் மூச்சு வாங்காது;
கடலூர் பஸ் உரசிப் போகும்போது மட்டும்
ஒரு நொடி நின்றுவிடும்.

இன்று சார் வீட்டு வாசலில்
மகன் விட்டுப்போன சைக்கிள்.
பாதித் துரு துடைத்திருந்தது,
இரண்டு டயரும் தரையோடு தரை.
“உன்கிட்ட பம்பு இருக்குமா?”

இருந்தது.
முதலில் ரத்தம் சார்,
அப்புறம் காற்று.