நாற்பத்தேழாம் பக்கத்துப் பெண்

கருங்கல் நூலகத்தில் அந்தப் புத்தகத்துக்கு
அட்டை கிடையாது.
பெயர் என்னவென்று இன்றுவரை தெரியாது.
தாயும் தகப்பனும் இல்லாத ஒரு பெண்
வீடு வீடாக மாறிப் போகிறாள்.
மூன்று முறை எடுத்தேன்.
மூன்று முறையும் அழுதேன்,
ஒருமுறை பஸ்ஸில், திக்கணங்கோடு வரைக்கும்.

அழ எனக்கு உரிமை உண்டென்று நினைத்திருந்தேன்.
பங்குனியில் அப்பா கொல்லத்தில்
சாரம் சரிந்து செத்துப்போனார்.
அம்மைக்கு அண்டி ஆபீசில் வேலை.
தோட்டெண்ணெய் தின்ற அவள் விரல்களை
ரேஷன்கடை மெஷின் ஆளென்று ஒத்துக்கொள்ளாது.
முந்தானையில் துடைத்துத் துடைத்து வைப்பாள்.
பின்னால் வரிசை முனகும்.
கடைசியில் என் பெருவிரல்தான் அரிசி வாங்கும்.
இவ்வளவு போதாதா ஒரு கதைக்கு,
நடுவில் நான் நிற்கிற கதைக்கு?

ஆனி மழையில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது.
அப்பாவோடு வேலைபார்த்த ஒருவர்,
கூடவே ஒரு பையன்,
நனைந்து கனத்த ஸ்கூல் பை.
ஷிபின். ஒன்பது வயது.
அப்பாவுடைய காது.
வந்தவர் என்னென்னவோ சொன்னார்,
அவனைப் பெற்றவள் போய் ரெண்டு வருசம் என்றார்.
காது முதலிலேயே சொல்லிவிட்டிருந்தது.

அம்மை முற்றத்து மழையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
ஆட்டோ போய் வெகுநேரம் கழித்து
அடுக்களைக்குப் போனாள்.
அன்றைக்கு ஐந்து சாளை.
ரெண்டு எனக்கு, ரெண்டு அவனுக்கு.
"தின்னு மக்களே" என்றாள் அவனைப் பார்த்து.

மக்களே.
அது என் பெயராக இருந்தது.

முப்பத்தெட்டு நாள் நான் அவனோடு பேசவில்லை.
என் செருப்பின்மேல் அவன் செருப்பு கிடந்தால்
காலால் தள்ளினேன்.
பாயைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.
ட்யூஷனில் யாரென்று கேட்டவளிடம்
அம்மைக்குத் தூரத்துச் சொந்தம் என்றேன்.
அம்மைக்கு.

ராத்திரி, நாலாவது முறையாக அந்தப் புத்தகம்.
உதடு அசையாமல் எனக்கு வாசிக்க வராது.
"என்னட்டி முணுமுணுப்பு, கெடந்து உறங்கு"
என்றுவிட்டு அம்மை உறங்கிப்போனாள்.

நாற்பத்தேழாம் பக்கம்.
அந்தப் பெண் போய்ச் சேரும் இரண்டாவது வீட்டில்
ஒருத்தி இருக்கிறாள்.
பாயில் இடம் விடாதவள்.
சீப்பை ஒளித்துவைக்கிறவள்.
மூன்று முறையும் அவளை வெறுத்திருக்கிறேன்.
ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறது
பிசாசு என்று.
என் கையெழுத்து.

உதடு நின்றுவிட்டது.

ஓட்டில் மழை.
சுவரைப் பார்த்துக் கிடந்தவன்,
தமிழில் ஓர் எழுத்தும் அறியாதவன்,
உறங்கவில்லை.
எந்த ராத்திரியும் உறங்கியிருக்கவில்லை போல.
"பின்னே?" என்றான், சுவரிடம்.

ஐம்பத்து மூன்று வரை வாசித்தேன்,
கொஞ்சம் சத்தமாகவே.
அந்தப் பெண் பெட்டியோடு படியிறங்கிப் போனாள்.
எனக்கு அழுகை வருகிற இடம்.
அவன் அவளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
"மற்றே சேச்சி?"
"எந்தச் சேச்சி?"
"பாய் கொடுக்காத்த சேச்சி. அவளு பின்னே எந்தாயி?"

புரட்டினேன். இருநூற்றுப் பன்னிரண்டு வரை புரட்டினேன்.
மகிழ்ச்சியான கடைசி வீட்டில்,
விருந்தில், வந்தவர் போனவரில்
எங்கேயும் அவள் இல்லை.
"எழுதல்ல" என்றேன்.

கொஞ்சநேரம் யோசித்தான்.
"பாவம்" என்றான்.

தவணை தாண்டிய புத்தகம்,
நாளை திருப்பிக் கொடுக்கணும்.
எழுந்து இருட்டில் தடவினேன்,
மேசையில், ஜன்னல்படியில்,
அரிசி டின் மூடிமேல்.
பிறகு கூப்பிட்டேன்:
"ஷிபினே,
உனக்க பையில ரப்பர் உண்டா?"